கடுக்கன் மேயரும் கழிவுநீர்க் குழாயும்

போன வாரம் மெஸ்ஸில் இரவுச் சாப்பாடு. அன்றைக்கும் அதே உப்புமாதான், அதை விடுங்கள். பேச்சு எப்படியோ டெட்ராய்ட் பக்கம் போய்விட்டது. நம்ம சென்னையை 'இந்தியாவின் டெட்ராய்ட்' என்று சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டுக் கொள்கிறோமே, அந்த ஒரிஜினல் டெட்ராய்ட் திவாலான கதை. அப்போது என் ரூம்மேட் ஒரு முத்தை உதிர்த்தான். "அந்த ஊர் மேயர் ஒருத்தன் இருந்தானே, ஆளு செம ஸ்டைலு. பாவம், பொம்பள மேட்டர்ல மாட்டிக்கிட்டான். இல்லைன்னா இன்னிக்கு எங்கயோ போயிருப்பான்டா."

எனக்கு உப்புமா தொண்டையில் நின்றுவிட்டது. (உப்புமாவின் குணமும் அதுதான், ஆனாலும்...) அவனோடு ஒரு மணி நேரம் கத்தியும் ஆறவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். குவாமி கில்பாட்ரிக் மாட்டியது பெண் விஷயத்தில் அல்ல. பிடிபட்டதற்கான நூல் முனை அங்கே கிடைத்தது, அவ்வளவே. அவர் செய்த காரியம் வேறு. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை, ஏனென்றால் அது சாக்கடைக் குழாய், டெண்டர், சப்-கான்ட்ராக்ட் என்று போரடிக்கிற சமாசாரம். நான் படிப்பது சிவில். எனக்குப் போரடிக்காது.

முதலில் கொஞ்சம் ப்ளாஷ்பேக்.

1950-ல் டெட்ராய்ட்டின் மக்கள்தொகை சுமார் 18.5 லட்சம். ஃபோர்டு, ஜெனரல் மோட்டார்ஸ், கிரைஸ்லர் என்று மூன்று கார் ராட்சசர்களும் அந்த வட்டாரத்தில். அப்புறம் தொழிற்சாலைகள் வெளியே போயின, வெள்ளையர்கள் புறநகருக்குப் போனார்கள், 1967-ல் பெரிய கலவரம் வெடித்தது, போகிற வேகம் இன்னும் கூடியது. 2000-ல் கணக்கெடுத்தபோது 9.5 லட்சம் பேர்தான் மிச்சம். ஊரில் பத்தில் எட்டு பேர் கறுப்பினத்தவர். பெரும்பாலும் ஏழைகள். ஊரின் எல்லை மட்டும் சுருங்கவில்லை. அதே நீளத் தெரு, அதே நீளக் குழாய், வரி கட்ட பாதி ஆள்.

இப்படிப்பட்ட ஊருக்கு 2001 தேர்தலில் ஜெயித்து, 2002 ஜனவரியில் மேயராக வந்து உட்கார்ந்தார் கில்பாட்ரிக். வயது 31. அந்த ஊர் சரித்திரத்திலேயே இளைய மேயர். ஆறடிக்கு மேல் உயரம், கல்லூரியில் ஃபுட்பால் ஆடியவர், கொஞ்ச நாள் பள்ளி ஆசிரியர், அப்புறம் மிச்சிகன் மாநில சட்டமன்றத்தில் ஜனநாயகக் கட்சித் தலைவர். அம்மா அமெரிக்க காங்கிரஸ் உறுப்பினர். காதில் வைரக் கடுக்கன். 'ஹிப்-ஹாப் மேயர்' என்று பட்டப்பெயர். தேர்தலில் அவரிடம் தோற்றவர் கில் ஹில், 'பெவர்லி ஹில்ஸ் காப்' படத்தில் எடி மர்ஃபியைக் காய்ச்சி எடுக்கும் போலீஸ் மேலதிகாரியாக வருவாரே, அவரேதான். நிஜத்திலும் டெட்ராய்ட் போலீஸில் இருந்தவர். சினிமா போலீஸைத் தோற்கடித்து வந்த மனிதர் நிஜப் போலீஸிடம் மாட்டிக் கொண்டார் என்பது தனி வேடிக்கை.

பேச்சுத் திறமை பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். மைக் பிடித்தால் கூட்டம் சொக்கிவிடும் என்று அவரை வெறுத்தவர்களே ஒப்புக் கொள்கிறார்கள். ஐம்பது வருஷமாகத் தோற்றுக் கொண்டே இருந்த ஊருக்கு ஒரு பையன் எழுந்து நின்று 'நம்மால் முடியும்' என்றால் எப்படி இருக்கும்? அந்த நம்பிக்கையைத்தான் அவர் செலவழித்தார். பணத்தைவிட அதுதான் எனக்குக் கோபம்.

சரி, 'பொம்பள மேட்டருக்கு' வருவோம். அதையும் சொல்லாமல் விட்டால் நியாயம் இல்லை.

2003-ல் ஹரால்ட் நெல்த்ரோப் என்ற போலீஸ்காரர், மேயரின் பாதுகாப்புப் படையில் இருந்தவர், அங்கே நடக்கும் முறைகேடுகளைப் பற்றித் துறையின் உள் விசாரணைப் பிரிவிடம் சொன்னார். அந்தப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த துணைத் தலைவர் கேரி பிரவுன் விசாரிக்கத் தொடங்கினார். பிரவுனை வேலையை விட்டுத் தூக்கினார்கள். இருவரும் வழக்குப் போட்டார்கள். 2007-ல் விசாரணை. மேயரும் அவருடைய தலைமை உதவியாளர் கிறிஸ்டீன் பீட்டியும் கூண்டில் ஏறி, சத்தியம் செய்து, எங்களுக்குள் தொடர்பு எதுவும் இல்லை, பிரவுனை நாங்கள் பழிவாங்கவும் இல்லை என்றார்கள். ஜூரி நம்பவில்லை. போலீஸ்காரர்களுக்கு 65 லட்சம் டாலர் கொடு என்றது.

மேயர் 'அப்பீல் போவேன்' என்று வீறாப்பாகச் சொன்னார். சில வாரங்களில் திடீரென்று மனம் மாறி 84 லட்சம் டாலருக்கு சமரசம்! (இதே விவகாரத்தில் வழக்குப் போட்ட இன்னொரு போலீஸ்காரருக்கும் சேர்த்து.) தோற்ற வழக்கில் தீர்ப்புத் தொகையைவிட அதிகம் கொடுத்து சமரசம் செய்யும் ஆளை எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? காரணம் இருந்தது. போலீஸ்காரர்களின் வக்கீலிடம் மேயரும் பீட்டியும் பேஜரில் அனுப்பிக் கொண்ட குறுஞ்செய்திகள் சிக்கிவிட்டன. அவற்றை வெளியே விடாமல் இருக்க ஒரு ரகசிய ஒப்பந்தம். நகர மன்றம் பணத்துக்கு ஒப்புதல் கொடுத்தது, ரகசிய ஒப்பந்தம் இருப்பதே அதற்குத் தெரியாது. மேயரின் பொய்யை மூடி வைக்க மேயரின் பையிலிருந்து ஒரு காசு போகவில்லை. ஊர்ப் பணம்.

2008 ஜனவரியில் 'டெட்ராய்ட் ஃப்ரீ பிரஸ்' பத்திரிகை அந்தச் செய்திகளை வெளியிட்டது. சுமார் 14,000 செய்திகள். தொடர்பு இருந்ததும் தெரிந்தது, பிரவுனை நீக்கியது பற்றிப் பேசிக் கொண்டதும் தெரிந்தது. அடுத்த ஆண்டு அந்தப் பத்திரிகைக்குப் புலிட்சர் பரிசு. மேயருக்குக் கிரிமினல் வழக்கு.

இந்த இடத்தில்தான் மனிதர் தன் கடைசிச் சீட்டை எறிந்தார். 2008 மார்ச் 11 அன்று நகரின் நிலை குறித்து ஆண்டுதோறும் ஆற்றும் உரை. அதன் முடிவில், தயாரித்த பேச்சை விட்டு விலகி, தன்னை ஒரு கும்பல் வேட்டையாடுகிறது, இனவெறிச் சொல்லால் தன்னைத் திட்டுகிறார்கள் என்று முழங்கினார். அந்தச் சொல்லையே மேடையில் சொன்னார். அரங்கில் ஆதரவாளர்கள் எழுந்து கைதட்டினார்கள்.

அமெரிக்காவில் கறுப்பின மக்களுக்கு நடந்த கொடுமை கதை அல்ல. டெட்ராய்ட்டில் அது இன்னும் உயிரோடு இருக்கும் காயம். அதனால்தான் இந்தப் பேச்சு எனக்குக் குமட்டுகிறது. அவர் மேல் வழக்குப் போட்ட மாவட்ட வழக்கறிஞர் கிம் வொர்தி ஒரு கறுப்பினப் பெண்மணி. அவர் வேலையைப் பறித்த கேரி பிரவுன் கறுப்பினத்தவர். அவர் கொள்ளையடித்த ஊர், கறுப்பின மக்களின் ஊர். தாத்தா பட்ட அடியை எடுத்து வந்து பேரன் தன் ரெஸ்டாரன்ட் பில்லுக்குக் கேடயமாகப் பிடித்தால் அதற்கு என்ன பெயர்? பில் என்று சும்மா சொல்லவில்லை. பதவிக்கு வந்த மூன்று வருஷத்துக்குள் ஊராட்சியின் கிரெடிட் கார்டில் சாப்பாடு, பயணம் என்று 2 லட்சம் டாலருக்கு மேல் தேய்த்திருந்தார். மனைவிக்கு ஒரு சிவப்பு லிங்கன் நேவிகேட்டர் கார், வாடகை சுமார் 25,000 டாலர், அதுவும் ஊர்க் கணக்கில். முதலில் இல்லவே இல்லை என்றார்கள். அதே சமயத்தில் ஊரில் பணம் இல்லை என்று ஆட்குறைப்பு நடந்து கொண்டிருந்தது.

இவ்வளவும் தெரிந்த பிறகும் 2005-ல் மக்கள் அவரை மறுபடி ஜெயிக்க வைத்தார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதற்கட்டத் தேர்தலில் இரண்டாம் இடம். எல்லோரும் முடிந்தது கதை என்றார்கள். கடுக்கனைக் கழற்றினார், மன்னிப்புக் கேட்டார், ஜெயித்தார்!

2008 செப்டம்பரில் நீதிக்கு இடையூறு செய்த குற்றத்தை ஒப்புக் கொண்டு பதவி விலகினார். 120 நாள் சிறை, ஊருக்கு 10 லட்சம் டாலர் திருப்பிக் கட்ட வேண்டும். வெளியே வந்து டெக்ஸாஸில் பெரிய வீட்டில் குடியேறி, செலவெல்லாம் போக மாசம் 6 டாலர்தான் கட்ட முடியும் என்று கோர்ட்டில் சொன்னார். எழுத்துப் பிழை இல்லை. ஆறு டாலர். 2010-ல் நீதிபதி மறுபடி உள்ளே அனுப்பினார்.

என் ரூம்மேட்டுக்குத் தெரிந்த கதை இங்கே முடிகிறது. எனக்கு இங்கேதான் ஆரம்பிக்கிறது.

டெட்ராய்ட் குடிநீர், கழிவுநீர்த் துறை என்பது சின்ன விஷயம் இல்லை. ஊருக்கு மட்டுமல்ல, சுற்றியுள்ள புறநகர்களையும் சேர்த்து மிச்சிகன் மாநில மக்கள்தொகையில் கிட்டத்தட்ட 40 சதவீதத்துக்குத் தண்ணீர் தந்தது அது. கழிவுநீரைச் சரியாகச் சுத்தம் செய்யவில்லை என்பதற்காக 1970-களிலிருந்தே அந்தத் துறை மத்திய நீதிமன்றத்தின் மேற்பார்வையில் இருந்தது. வேலை தாமதமாகக் கூடாது என்று நீதிபதி மேயருக்கே 'சிறப்பு நிர்வாகி' அதிகாரம் கொடுத்திருந்தார். அர்த்தம் என்னவென்றால், பல கான்ட்ராக்ட்களை நகர மன்றத்திடம் போகாமல் மேயரே கையெழுத்துப் போட்டு முடிக்கலாம். ஆற்றில் சாக்கடை கலக்காமல் இருக்கத் திறந்த கதவு அது. அதன் வழியாக வேறு ஏதோ உள்ளே வந்தது.

வந்தவர் பெயர் பாபி ஃபெர்குசன். மேயரின் நண்பர், கான்ட்ராக்டர். வழிமுறை ரொம்ப எளிது. ஒரு பெரிய நிறுவனம் குழாய் வேலைக்கு டெண்டர் எடுக்கும். கோப்பு மேயரின் மேசைக்கு வரும். அங்கேயே தூங்கும். 'என்ன சார் ஆச்சு' என்று நிறுவனம் விசாரித்தால், ஃபெர்குசனை சப்-கான்ட்ராக்டராகச் சேர்த்துக் கொண்டால் நல்லது என்று தகவல் போகும். சேர்த்தால் கையெழுத்து. சேர்க்காவிட்டால், வேலை கைநழுவும். நம்ம ஊர் ஆட்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். ஃபெர்குசனின் நிறுவனங்களுக்கு இப்படிப் போன வேலைகள் பல கோடி டாலர்.

எங்கள் எஸ்டிமேட் வகுப்பில் கடைசியில் எதிர்பாராத செலவு என்று 3 முதல் 5 சதவீதம் சேர்க்கச் சொல்வார்கள். மேற்பார்வை ஆட்களுக்கு ஒரு இரண்டரை சதவீதம். மேயரின் நண்பருக்கு என்று ஒரு வரி கிடையாது. அந்த வரி எங்கே போகும்? குழாயின் விலைக்குள்ளே போய் ஒளிந்து கொள்ளும். தண்ணீர்த் துறைக்குப் பணம் மானத்திலிருந்து வருவதில்லை, வீட்டு வீட்டுக்கு வரும் தண்ணீர் பில்லிலிருந்து வருகிறது. கிரெடிட் கார்டில் சாப்பிட்டால் ஒரு தடவை பில். கான்ட்ராக்டில் சாப்பிட்டால் ஊரே மாசாமாசம் பில் கட்டும்.

இதில் இன்னொரு அசிங்கம். உள்ளூர் நிறுவனங்களுக்கும் சிறுபான்மையினரின் நிறுவனங்களுக்கும் முன்னுரிமை என்ற ஏற்பாடு இருந்தது. நல்ல ஏற்பாடு. காலங்காலமாக வெள்ளை நிறுவனங்களுக்கே போன வேலையில் கறுப்பினத் தொழில்முனைவோருக்கும் ஒரு பங்கு கிடைக்கட்டும் என்று வந்தது. அதையே ஒரு நண்பருக்கான கதவாக்கிவிட்டால், நேர்மையாகத் தொழில் செய்ய வந்த மற்ற கறுப்பின கான்ட்ராக்டர் எங்கே போவார்? 'இட ஒதுக்கீடுன்னாலே இப்படித்தான்' என்று நாளைக்கு உளறுபவனுக்கு ஆதாரம் வேறு தயார் செய்து கொடுத்தாயிற்று.

ஊர் முன்னேற்றத்துக்கு என்று பதிவு செய்த 'கில்பாட்ரிக் சிவிக் ஃபண்ட்' அமைப்பின் பணத்தில் யோகா வகுப்பு, கோல்ஃப், பிள்ளைகளுக்குக் கோடை முகாம். அவருக்காக நிதி திரட்டியவரே கோர்ட்டில் வந்து, என் கமிஷனில் ஒரு பங்கை ரொக்கமாக மேயர் கையில் கொடுத்தேன் என்று சாட்சி சொன்னார். பள்ளிக்கால நண்பரும் எதிர்ச்சாட்சி. சம்பளத்துக்கு மேல் கணக்கில் வராமல் 8 லட்சத்து 40 ஆயிரம் டாலர் அளவுக்குப் புழங்கியிருக்கிறது என்று வருமான வரித் துறை கணக்குக் காட்டியது. அந்தப் பழைய பேஜர் செய்திகள் இருக்கின்றனவே, அவை இங்கேயும் வந்தன. இந்த முறை காதலியோடு பேசியது அல்ல, ஃபெர்குசனோடு கான்ட்ராக்ட் பற்றிப் பேசியது. 2013 மார்ச் 11, அந்த முழக்கப் பேச்சுக்குச் சரியாக ஐந்து ஆண்டு கழித்து, 24 குற்றச்சாட்டுகளில் குற்றவாளி என்று மத்திய நீதிமன்ற ஜூரி சொன்னது. அக்டோபரில் 28 ஆண்டு சிறை. ஃபெர்குசனுக்கு 21.

ரூம்மேட்டின் அடுத்த வாதம் தயாராக இருந்தது. "சாப்பிட்டாலும் வேலை செஞ்சான்ல? நதிக்கரை நடைபாதை, 2006 சூப்பர் பவுல், பழைய ஹோட்டலைப் புதுப்பிச்சது..." நடந்தன, மறுக்கவில்லை. ஆனால் நதிக்கரைக்கு ஒரு பெரிய அறக்கட்டளை 5 கோடி டாலர் கொடுத்தது, ஜெனரல் மோட்டார்ஸ் கூட நின்றது. அதில் மேயருக்கும் பங்கு உண்டு, அது அவர் வேலை, அதற்குத்தான் சம்பளம். சாம்பார் ஊற்றினதற்காக சர்வர் நம்ம பர்ஸை எடுத்துக் கொள்ளலாமா?

நிற்க. இவர் திருடியதால்தான் டெட்ராய்ட் திவாலாயிற்று என்று நான் சொன்னால் நானும் ஒரு சோம்பேறிதான். 2013 ஜூலை 18 அன்று ஊர் மஞ்சள் கடுதாசி கொடுத்தபோது கடன் சுமார் 1,800 கோடி டாலர். அதுவரை அமெரிக்காவில் எந்த ஊரும் இவ்வளவு பெரிய தொகைக்குத் திவாலானதில்லை. அவர் கைவைத்த பணத்தையெல்லாம் கூட்டினாலும் அதில் ஒரு மூலைக்குக் காணாது. அரை நூற்றாண்டுச் சரிவு அது.

ஆனால் அவர் செய்த ஒரு காரியம் அந்த மூலையைவிடப் பெரியது, அது குற்றப்பத்திரிகையிலேயே இல்லை. 2005-ல் ஊழியர்களின் பென்ஷன் நிதியில் விழுந்த துண்டை அடைக்க 144 கோடி டாலர் திரட்டினார்கள். ஊர் இவ்வளவுதான் கடன் வாங்கலாம் என்று சட்டத்தில் உச்சவரம்பு உண்டு. அதைத் தாண்ட, பேருக்கு இரண்டு அமைப்புகளை உருவாக்கி அவற்றின் வழியாக வாங்கினார்கள். நகர மன்றமும் தலையாட்டியது. அதோடு வட்டி விகிதத்தின் மேல் வங்கிகளோடு ஒரு பந்தயம்: வட்டி ஏறினால் வங்கி ஊருக்குக் கொடுக்கும், இறங்கினால் ஊர் வங்கிக்குக் கொடுக்கும். 2008-ல் உலகமே கவிழ்ந்தது, வட்டி தரையைத் தொட்டது. ஊர் கட்டிக் கொண்டே இருந்தது. 2009-ல் சூதாட்ட விடுதிகளிலிருந்து வரும் வரிப் பணத்தையே இதற்கு அடமானமாக வைத்தார்கள். ஊரின் மிக நம்பகமான வருமானம் அதுதான்.

இதற்காக ஒருவரும் ஜெயிலுக்குப் போகவில்லை. குறுஞ்செய்தி எதுவும் கசியவில்லை, கிசுகிசு இல்லை. ஆகவே மெஸ்ஸில் பேச்சும் இல்லை. தான் எடுத்தால் போதும் என்று இருக்கும் ஒருவர், பத்து வருஷம் கழித்து வரும் பில்லைப் பற்றி ஏன் கவலைப்படப் போகிறார்? அந்த நாற்காலியில் அப்போது உட்கார்ந்திருந்தவர் அப்படிப்பட்டவர். திருட்டையும் முட்டாள்தனமான கடனையும் நான் தனித்தனியாகப் பார்க்கத் தயாரில்லை.

பில் யாருக்கு வந்தது? ஊராட்சியில் முப்பது வருஷம் குப்பை அள்ளி, பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர்களுக்கு வந்தது. திவால் தீர்ப்பில் பொது ஊழியர்களின் பென்ஷனில் 4.5 சதவீதம் வெட்டு, விலைவாசிக்கு ஏற்ற வருடாந்திர உயர்வும் நிறுத்தம். 2014-ல் பில் கட்டாத ஆயிரக்கணக்கான வீடுகளுக்குத் தண்ணீர் இணைப்பைத் துண்டித்தார்கள், ஐ.நா. நிபுணர்கள் தலையிட்டுக் கண்டிக்கும் அளவுக்கு. அதே தண்ணீர்த் துறைதான்.

கில்பாட்ரிக்குக்கு? 2021 ஜனவரி 20, டொனால்ட் டிரம்ப் தன் முதல் ஆட்சிக் காலத்தின் கடைசி நாளில் அவருடைய தண்டனையைக் குறைத்தார். 28 ஆண்டில் 7 ஆண்டு சொச்சம் கழிந்திருந்தது. குற்றத் தீர்ப்பு அப்படியே இருக்கிறது, துறைக்குத் தர வேண்டிய சுமார் 15 லட்சம் டாலர் நஷ்ட ஈடும் இருக்கிறது, ஆள் வெளியே. பென்ஷன் வெட்டுக்கு அப்படி ஒரு கடைசி நாள் கருணை யாரும் காட்டியதாகத் தெரியவில்லை.

மெஸ்ஸில் சண்டை முடியும்போது ரூம்மேட்டிடம் ஒரு கேள்வி கேட்டேன். கடுக்கன் தெரியும், காதலி பெயர் தெரியும், கேரி பிரவுன் யார் தெரியுமா? தெரியவில்லை. விசாரணை செய்ததற்காக வேலை போன அந்தப் போலீஸ் அதிகாரி 2009-ல் நகர மன்றத்துக்குத் தேர்வானார். 2016-ல் டெட்ராய்ட் குடிநீர், கழிவுநீர்த் துறைக்கு இயக்குநராக வந்து உட்கார்ந்தார்.